பச்சை மட்டும் காட்டிய துணை நிரல்

கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு கடை ஒன்றின் மாடியில் கெர்னல் எழுதுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். கெர்னல் என்பது கணினியில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரல். அது நின்றால் மேலே உள்ள எதுவும் நடக்காது.

அங்கே மேகலா குரு, வையாபுரி சீடர். குருவைவிடச் சீடருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. வாடிக்கையாளர்களின் புகாரைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்த மனிதர், நாற்பதைத் தாண்டிய பிறகு நிரல் கற்றுக்கொண்டு மாடி ஏறி வந்திருந்தார். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். மேகலா சிரிக்கவில்லை, உட்கார நாற்காலி காட்டினார்.

அந்த மாடியில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய நிரலானாலும் இன்னொருவர் படித்துப் பார்த்து, ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் தன் பெயரைப் போட வேண்டும். பெயர் விழாத நிரல் கெர்னலுக்குள் போகாது.

வையாபுரி எழுதியது, கெர்னலைச் சோதிக்கும் டெஸ்டுகளுக்கான துணை நிரல். டெஸ்டுக்கு வேண்டியதை எடுத்து வைப்பது, ஓட்டுவது, முடிவைச் சொல்வது அதன் வேலை. தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. அந்த வெள்ளிக்கிழமைக்குள் அது உள்ளே போகாவிட்டால் பழையபடி தொலைபேசிக்கே போக வேண்டியதுதான் என்று மேலிடம் சொல்லியிருந்தது. மேகலாவோ அதைத் திரும்பத் திரும்பப் படித்தாரே தவிரப் பெயர் போடவில்லை.

வியாழக்கிழமை காலை வையாபுரிக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், ஓட்டினதெல்லாம் பச்சையாவே வருதுங்க. இன்னும் என்னங்க குறை?”

“அதைத்தானுங்கண்ணா யோசிக்கிறேன். எப்பவுமே பச்சையா வருதே.”

“வந்தா நல்லதுதானுங்க?”

மேகலா கெர்னலில் ஒரு பகுதியைத் திறந்தார். பூட்டு என்று அவர்கள் சொல்லும் பகுதி அது. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தைத் தொட வந்தால், ஒன்றை உள்ளே விட்டு மற்றவற்றை நிறுத்தி வைக்கும். மேகலாவே எழுதியது. அந்த மாடியில் அதற்குத் தனி மரியாதை.

அதன் முக்கியமான வரியை அவரே அழித்தார்.

“இப்ப ஓட்டுங்க.”

வையாபுரி ஓட்டினார். எல்லாம் பச்சை.

“என்னங்க அழிச்சீங்க?”

“பூட்டையே எடுத்துட்டேன். உங்க டெஸ்ட் இருக்கறதே பூட்டு வேலை செய்யுதான்னு பாக்கத்தானே?”

வையாபுரியின் முகத்தில் ஈயாடவில்லை.

“நடுவுல ஒண்ணு எழுதியிருக்கீங்களே,” என்றார் மேகலா. “டெஸ்ட் தவறினா மறுபடி ஓட்டு, ஒரு தடவை தேறினாலும் பச்சைன்னு சொல்லிருன்னு. அது எதுக்குங்கண்ணா?”

“எப்பவாவது ஒருக்கா சிவப்பு வந்துச்சுங்க. திரும்ப ஓட்டினா சரியாயிருச்சு. என்னோட டெஸ்ட்தான் தடுமாறுதுன்னு நினைச்சேன்.”

“தப்பு உங்க டெஸ்ட்லதான்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

வையாபுரி தயங்கினார். “பூட்டு நீங்க எழுதினதுங்க.”

மேகலா சிரித்துவிட்டார்.

“அப்ப நீங்க டெஸ்ட் எழுதலைங்கண்ணா. எனக்குப் பொன்னாடை போத்தியிருக்கீங்க.”

அழித்த வரியைப் பழையபடி வைத்தார். “அந்த மறுபடியை எடுத்துட்டு ஓட்டுங்க. ஓட்டிட்டே இருங்க” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

கீழே கடையில் பம்புகளை ஓட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே பச்சை, மறுபடி பச்சை. சாப்பாட்டு நேரம் வந்து எல்லாரும் எழுந்து போனார்கள். வையாபுரி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அப்போது சிவப்பு வந்தது.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். பூட்டு இருக்கிறது, இருந்தும் சிவப்பு. குருவின் நிரலில் ஓட்டை இருக்கிறது. நாளைக்குள் தன் நிரலில் பெயர் போட வேண்டியவரும் அந்தக் குருதான். பக்கத்தில் யாரும் இல்லை. இன்னொரு முறை ஓட்டினால் பச்சை வந்துவிடும், ஒரு விசையை அழுத்தினால் போதும். வையாபுரிக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

எழுந்து சாப்பாட்டு அறைக்குப் போனார்.

“மேடம், சிவப்பு வந்திருக்குங்க. பூட்டு இருக்கறப்பவே வந்திருக்கு.”

“என்னோட பூட்டுலயா?”

“ஆமாங்க. உங்க பூட்டுலதான்.”

மேகலா டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிட்டுக் கை கழுவ ஓடினார். சாயங்காலம் அது பிடிபட்டது. இரண்டு வேலைகள் சரியாக ஒரே கணத்தில் வந்து நின்றால், பூட்டு இரண்டையுமே உள்ளே விட்டிருக்கிறது. வருஷக்கணக்காக அப்படித்தான் இருந்திருக்கிறது. அதுவரை எழுதிய எந்த டெஸ்டும் அதைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வையாபுரி வந்து திரையைத் திறந்தார். அவருடைய துணை நிரலின் கீழே, ‘சரிபார்த்தவர்: மேகலா’ என்று இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டு வந்தார்.

அதற்கு அடுத்ததாக, பூட்டுக்கு மேகலா எழுதிய திருத்தம் இருந்தது. அதில் ‘குறை கண்டவர்: வையாபுரி’ என்று ஒரு வரி. அதன் கீழே ‘சரிபார்த்தவர்’ என்ற இடம் காலியாக இருந்தது.

“இதுல யாருங்க பேர் போடறது?”

“நீங்கதான்.”

“நீங்க எழுதினதுல நான் என்னங்க பாக்கறது? நல்லாத்தான் இருக்கும்.”

மேகலா தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

“இந்தத் தடவையாவது என்னை நம்பாம படிங்கண்ணா.”