ஒரு மணி நேர இருட்டு

தேவசகாயம் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். ஐம்பது வயதில் லீவு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தார். வழிகாட்டி மெஹருன்னிசா, தேவசகாயத்தைவிடப் பதினோரு வயது இளையவர். தேவசகாயம் அவரை மேடம் என்பார். மேடம் இவரை சார் என்பார்.

வேலை இதுதான். ஆய்வகத்திலேயே கட்டிய செயற்கைப் புரதம் ஒன்று, நீல ஒளி பட்டால் மடங்க வேண்டும். அந்த அசைவைக் கருவியில் பிடிக்க வேண்டும். எட்டு மாதமாக சார் ஒளியைப் பாய்ச்சினார். திரையில் கோடு நேராகவே போனது. மனுஷன் அதையும் சலிக்காமல் நோட்டில் பதிந்துவைத்தார்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் அசைவைக் காட்டாவிட்டால் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. பழையபடி பள்ளிக்கூடம், இந்த வயசில் உமக்கு எதற்கய்யா இதெல்லாம் என்ற கேலி. புதன்கிழமை காலை மேடத்திடம் போய், புரதம் செத்துவிட்டது, நானும் கிளம்புகிறேன் என்றார்.

மேடமோ, என் கண் முன்னால் ஒரு தடவை செய்யுங்கள் என்றார்.

சார் கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றினார். அதை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குமிழி இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து ஊறிப்போன பழக்கம்.

மேடம் எழுந்து போய் விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். குப்பியை வாங்கிக் கருவிக்குள் வைத்து மூடினார்.

"குமிழி இருந்தா, மேடம்?"

"இருந்துட்டுப் போகட்டும். உட்காருங்க சார்."

ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் தன் மகளுக்குப் பல் விழுந்த கதையைச் சொன்னார். சாருக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பிறகு மேடம் நீல ஒளியை ஒரே ஒரு தடவை பாய்ச்சினார்.

கோடு விருட்டென்று எகிறியது.

சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் விஷயம் உறைத்தது. இத்தனை நாளும் புரதம் டியூப்லைட் வெளிச்சத்திலேயே மடங்கி முடித்திருக்கிறது. இன்று இருட்டில் மெல்ல விரிந்துகொண்டதால் மறுபடி மடங்கியிருக்கிறது. வெட்கம் தாங்காமல் நோட்டை எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போனார்.

"எட்டு மாசமும் வீண், மேடம்."

மேடம் நோட்டை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"யார் சொன்னா? மடங்கின பிறகு அது எப்படி நிக்கும்னு எட்டு மாசமா அளந்து வச்சிருக்கீங்க. இன்னைக்குக் கிடைச்சது அதுக்கு முந்தின நிலை. ரெண்டையும் சேர்த்தாத்தான் சார் அதுக்குப் பேர் அசைவு."