லடாக் வரைக்கும் உருண்ட சேர்மத்துரை

சாரத்தில் இருந்து விழுந்த நாளிலிருந்து கொத்தனார் லூர்துசாமிக்கு மேற்கூரைதான் உலகம். வள்ளியூர்ப் பக்கம் ஒரு தண்டுவட மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு சக்கர நாற்காலி நின்றது. பயிற்சி கொடுக்கிற பியூலா தினமும் அதைக் காட்டி, "கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்கண்ணே" என்பாள். லூர்து முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எந்திரிச்சு நடக்கிற ஆசையே போய்விடும் என்று அவருக்குப் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை. "மாட்டேன்" என்று மட்டும் சொல்வார். முதுகில் புண் வர ஆரம்பித்துவிட்டது. இப்படியே படுத்திருந்தால் உடம்பு தாங்காது என்று டாக்டரும் சொல்லிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் சேர்மத்துரை திரும்பி வந்தார். முருங்கை மரத்தில் இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய், அதே இல்லத்தில் பயிற்சி எடுத்த ஆள். தன்னைப் போல அடிபட்டவர்களுக்குப் பணம் சேர்க்கப் போகிறேன் என்று நாற்காலிக்குப் பின்னால் ஒரு உண்டியலைக் கட்டிக்கொண்டு, கன்னியாகுமரியில் இருந்து லடாக்குக்குத் தரை வழியாகவே கிளம்பினவர். கறுத்து மெலிந்து, நிறைந்த உண்டியலோடு வந்து சேர்ந்தார். உண்டியல் நிஜம். மற்றதெல்லாம் அவர் வாயில் இருந்து வந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வார்டுக்கு நடுவில் வந்து பிரேக்கைப் போட்டு நிறுத்தி ஆரம்பித்தார்.

"காத்தாடியெல்லாம் சுத்துத முப்பந்தல் காத்து எப்படின்னு ஒங்களுக்குத் தெரியும்லா? வேட்டிய அவுத்து ரெண்டு கம்புல கப்பல் பாய் மாதிரி கட்டுனேன், பாத்துக்கிடுங்க. குடிச்ச காப்பி வயித்துல ஆறல, மதுரை வந்துட்டு. நடுவுல ஒரு டோல்கேட்டுல மறிச்சான். இது காரா, லாரியா, பஸ்ஸான்னு அவனுக்குப் பிடிபடல. கட்டணப் பலகையத் தலைகீழாக்கூடப் பாத்தான். கடைசில அவன் எனக்குத் துட்டு குடுத்து அனுப்புனான்."

அடுத்த கட்டிலில் இருந்த ஐயம்பெருமாள் பஸ் டிரைவராக இருந்தவர். அவருக்குப் பொறுக்கவில்லை. "வேட்டிய அவுத்துட்டா வே மதுரைக்குள்ள போனீரு?"

"உள்ள நிக்கர் இருந்துச்சு வே. நாக்பூர் பக்கம் வெயிலுல டயர் ரெண்டும் உருகி ரோட்டோட ஒட்டிட்டு. என்ன செய்ய? ஒரு கடையில கோதுமை மாவ வாங்கிப் பிசைஞ்சு, சக்கரத்தச் சுத்தி அப்புனேன். ரோட்டுச் சூட்டுல ஓட ஓட வெந்துரும். சாயங்காலம் டயரப் பிச்சுத் தின்னுட்டுப் படுப்பேன். காலையில புது டயரு."

"தொட்டுக்கிட?"

"அது கொஞ்சம் கஷ்டந்தான்."

லூர்து சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மனுசன் இவ்வளவு சந்தோஷமாய்ப் புளுகுவது அவருக்கு எரிச்சலாய் இருந்தது. காதைப் பொத்திக்கொள்ளவும் மனசு வரவில்லை.

"அப்புறம் காடு. திடீர்னு முன்னால ஒரு புலி. பாயப் போவுதுன்னு கண்ண மூடுனேன். பாயல. மெதுவாத் தெறந்து பாத்தா, அதுக்கு முதுகு பிடிச்சிருக்கு. பாவம், எங்கேயோ விழுந்திருக்கும் போல. நம்ம பியூலா சொல்லிக் குடுக்கும்லா, மல்லாந்து படுத்து இடுப்பத் தூக்குத பயிற்சி, அதச் சொல்லிக் குடுத்தேன். ஒரே வாரத்துல சரியாயிட்டு. அந்த நன்றிக்கு ரெண்டு மாநிலம் என்னயத் தள்ளிட்டு வந்துச்சு."

பியூலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க பயிற்சிய நீங்க ஒரு நாளாவது ஒழுங்காச் செஞ்சீங்களா?" என்றாள்.

"நான் செய்யலம்மா. புலி செஞ்சுச்சு."

அப்போது சுவர்ப் பக்கத்தில் இருந்து ஒரு குரல் வந்தது. "புலி உண்டியல்ல என்ன போட்டுச்சு?"

எல்லாரும் திரும்பினார்கள். லூர்து இத்தனை நாளில் தானாக வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

சேர்மத்துரை ஒன்றும் நடக்காதது போலவே பதில் சொன்னார். "அதுட்ட ஏது வே துட்டு? ஆனா வழியில நின்னவன்லாம் தள்ளுத ஆளப் பாத்ததும் கேக்காமலே போட்டான்."

லூர்து தலையை இந்தப் பக்கம் திருப்பினார். "மேல சொல்லும்."

"கடைசியா அந்த மலை. செங்குத்து. நாற்காலி ஏற மாட்டேங்குது. நானும் யோசிச்சுப் பாத்துட்டு, நாற்காலியத் திருப்பி, பின்பக்கமா ஏறுனேன். நான் எறங்குதேன்னு மலைக்கு நெனப்பு. ஒரு எதிர்ப்பும் காட்டல, விட்டுட்டு. உச்சியில உண்டியலக் குலுக்குனேன், மேகத்துல இருந்தவங்ககூட எட்டிப் பாத்தாங்க. எறங்கி வரும்போதுதான் வினை. பிரேக்கு அத்துட்டு. அங்கன பிடிச்ச வேகம், டெல்லி, ஐதராபாத்துன்னு ஒரு ஊருல நிக்கல. ஒரு தள்ளு தள்ளாம இந்த வாசல்ல வந்துதான் நின்னேன். என்னய முந்த ஒரு காக்கா குருவி கெடையாது."

"இருந்துச்சே," என்றார் லூர்து.

"என்னது?"

"அந்த எறக்கத்துல ஒம்மள ஒரு கட்டிலு முந்திட்டுப் போச்சே. பாக்கலயா?"

"கட்டிலா?"

"இரும்புக் கட்டிலு. நான்தான் படுத்திருந்தேன்."

சேர்மத்துரை தாடையைச் சொறிந்தார். "சரி வே, நாற்காலிக்காவது பிரேக்குன்னு ஒண்ணு இருந்து அத்துச்சு. கட்டிலுக்கு அதுவும் கெடையாதே. எப்படி நிறுத்துனீரு?"

லூர்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தல. இப்பத்தான் வந்து நின்னுச்சு." பிறகு பியூலாவிடம் சொன்னார்: "அந்த நாற்காலிய இங்கன உருட்டும்மா. படுத்துக்கிட்டுச் சொன்னா இந்த மனுசன் நம்ப மாட்டாரு."