தீர்ந்துபோகும் சுண்ணாம்பு

கடற்கரையில் சிப்பி பொறுக்கிச் சூளையில் சுட்டு, சுண்ணாம்பு விற்றுப் பிழைத்தவர் தொம்மையார். புகையில் வெந்த கண்கள். கோயில் மணி அடிக்குமுன்பே வாசலில் முழங்காலில் நிற்பார். கல்லறைத் திருநாள் நெருங்கினால், கேட்பாரற்ற ஏழைகளின் கல்லறைகளுக்கெல்லாம் கூலி வாங்காமல் வெள்ளையடிப்பார்.

"என்ன தொம்மை, செத்தவனுக்கெல்லாம் மாப்பிள்ளைக் கோலமா? உனக்கு மோட்சத்துல மாடிவீடுதான்!" என்று மீன் ஏலக்காரர்கள் கேலி செய்வார்கள். அவர் சிலுவை போட்டுக்கொண்டு நடந்துவிடுவார்.

வெளிவேடக்காரரை ஆண்டவர் "வெள்ளையடித்த கல்லறைகளே" என்று திட்டிய வாசகத்தைச் சாமியார் வாசிக்கும்போது, நம் தொழிலும் வேதத்தில் வருகிறதே என்று அவருக்கு உள்ளூரப் பெருமை. அது யாரைச் சுடுகிறது என்று நினைத்துப் பார்த்தவரல்லர்.

அவருடைய ஒரே மகள் பாக்கியம் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, வைத்தியரிடம் கொண்டுபோக, சிலுவை என்ற தம் அண்ணனிடம் மாட்டுவண்டி கேட்டார். மாடு களைத்திருக்கிறது, விடியட்டும் என்றார் அண்ணன். பிள்ளை விடியும்வரை இருக்கவில்லை. அதன்பின் தொம்மையார் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் அதைப் பொறுமை என்றது. பின்னொரு காலம் அண்ணன் சாகக்கிடந்து, தம்பியைக் கூப்பிடுங்கள் என்று ஆளனுப்பினார். தொம்மையார் கோயிலில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. அண்ணனுக்காக உருகிச் செபிக்கிறார் என்றது ஊர். ஊர் வாயை நம்பினால் இப்படித்தான்.

அதுமுதல் ஆண்டுதோறும் சிலுவையின் கல்லறைக்கு வரும்போது மட்டும் சுண்ணாம்பு தீர்ந்துபோகும்.

ஒரு திருநாளுக்கு முந்தின நாள், சிலுவையின் மனைவி ராக்கினி கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார்.

"கொழுந்தனாரே, வருசா வருசம் உங்க அண்ணங்கிட்ட வரும்போது மட்டும் எப்படித் தீருது?"

"கடைசியில இருக்கு மதினி. வாளியில இருக்குறதுதான வரும்?"

"அப்ப இன்னைக்கு இவுககிட்ட இருந்து தொடங்குங்க."

வாளி நிறைய இருந்தது. தொம்மையார் வெள்ளையடிக்கும் மட்டையை முக்கினார். கை எழவில்லை. சுட்ட சிப்பி பார்வைக்குச் சாதுவாய்த்தான் கிடக்கும். தண்ணீர் பட்டால்தான் உள்ளிருக்கும் கொதிப்பு தெரியும். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"மதினி, அன்னைக்கு நான் அண்ணனுக்காகச் செபிக்கல. போனா மன்னிக்கணுமேன்னு கோயில்ல ஒளிஞ்சேன். கையில செபமாலை, நெஞ்சுல பழி. வெள்ளையடிச்ச கல்லறை நாந்தான்."

ராக்கினி ஆறுதல் சொல்லவில்லை. "வாசலையே பாத்துக்கிட்டுப் போய்ச் சேந்தாக" என்றார்.

தொம்மையார் மண்ணில் விழுந்து, "அண்ணே" என்று கதறினார். எத்தனையோ ஆண்டாகச் சொல்லாத சொல். பிறகு எழுந்து, "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்ற செப வரியைச் சொல்லிச் சொல்லி, அந்த ஒரு கல்லறைக்கே வாளியைத் தீர்த்தார். அடித்தது காயுமுன் மழை பிடித்துக்கொண்டது. விடியும்வரை விடவில்லை.

ஈரச் சுண்ணாம்பு மழைக்கு நிற்காது. ஆனால் மறுநாள், முந்தின நாள் பிறர் வெள்ளையடித்தவையெல்லாம் கரைந்து கறுத்துக் கிடக்க, சிலுவையின் கல்லறை மட்டும் பளீரென்று நின்றது. மேலே கவிந்த வேப்பமரம் மழையை மறைத்துக்கொண்டது என்பார் உண்டு. அந்த மரம் வேறு கல்லறைகளுக்கும்தான் குடை பிடித்தது. பாக்கியத்தின் சிறு கல்லறை மேட்டில் ஒரு மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது. ஏற்றியவர் ராக்கினி.

ஊரார் கறையைத் தேடாமல் தம் கறையைத் தாமே கண்டவை, புகையில் வெந்த அந்தக் கண்கள். வாழ்க அவர் பேர்.