சிஸ்டர் வரமாட்டாங்க

சைலன்சர் உடைந்த பைக் ஒன்று மலையடிவாரத்து மேட்டில் உறுமிக்கொண்டு ஏறிய சத்தம். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அன்று மடத்தில் இருந்தவர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

பைக் வருவதற்குச் சற்று முன்புதான் கோமதிநாயகி தன் கேள்வியைக் கேட்டிருந்தார். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்தாறு வருடம் பிரசவம் பார்த்த நர்ஸ். ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. மடத்து அம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் குரு குருதான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து எதிரில் உட்காருவார்.

"பிரசவம்னா இன்னும் என்னைத்தான் கூப்பிடுறாங்க. போறேன். இனிமே வராதீங்கன்னு டாக்டர் சொல்றார். நோவில கிடக்கிறவ கூப்பிட்டு, போகாம இருந்தா பாவம் இல்லையா அம்மா?"

அம்மா ஒரு கொசுவலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியில் நூலைக் கோத்த பிறகே நிமிர்ந்தார்.

"போனா எங்கே நிப்பீங்க?"

"ஷாஜிதாவுக்குப் பின்னாலே. என் இடத்துக்கு வந்திருக்கிற பொண்ணு. சும்மா பார்த்துக்கிட்டு நிப்பேன்."

"சும்மாவா?"

"அவ கை தப்பாப் போனா 'ம்ஹும்'பேன். அவ்வளவுதான்."

அம்மா சிரித்தார். "அந்த 'ம்ஹும்' கேட்டா எனக்கே தையல் தப்பிப்போகும் அக்கா."

அப்போதுதான் பைக் வாசலுக்கு வந்தது. இசக்கியம்மாவின் கணவன் சுடலைமணி இறங்கவில்லை. வண்டியை அணைக்கவும் இல்லை. சட்டையில் பித்தான் மாறிப் போட்டிருந்தான்.

"சிஸ்டர், ஏறுங்க. இசக்கியம்மா காலையிலேர்ந்து நோவுல கெடக்கா. உங்களத்தான் கேக்கா. அந்தப் புதுப் பொண்ணுக்குக் கை நடுங்குது. நானே பாத்தேன்."

கோமதிநாயகி எழுந்துவிட்டார். ஒரு காலில் செருப்பு ஏறியும்விட்டது.

"போங்க," என்றார் அம்மா. "ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அந்தப் பொண்ணுக்கு வந்த நாள்லேர்ந்தே கை நடுங்குமா?"

"இல்ல. வந்த முதல் வாரமே இரட்டைப் பிள்ளை. தனியா நின்னு எடுத்தா. நான் அப்போ திருச்செந்தூர் போயிருந்தேன்."

"பின்னே எப்போ இருந்து?"

பைக் உறுமிக்கொண்டிருந்தது. இன்னொரு செருப்பைத் தேடிய கால் அப்படியே நின்றது.

"சிஸ்டர், நேரமாவுது."

"நான் திரும்பி வந்ததிலேர்ந்து," என்றார் கோமதிநாயகி, யாரையும் பார்க்காமல்.

அம்மா தையலுக்குத் திரும்பினார்.

"சுடலை, நான் வரல."

"விளையாடாதீங்க சிஸ்டர்."

"ஷாஜிதாகிட்ட போய்ச் சொல்லு. கோமதி வரமாட்டா. இன்னிக்கு மட்டும் இல்ல, இனிமே வரமாட்டா. அவ என்ன சொல்றாளோ அதைச் செய். எதிர்த்துப் பேசாதே."

"இசக்கிக்கு எதாவது ஆச்சுன்னா?"

கோமதிநாயகி காலில் ஏறியிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எங்கம்மா என்னையப் பெத்தப்போ நீங்கதான இருந்தீங்க," என்றான் அவன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். கோமதிநாயகி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கை கழுவி வந்த பிறகும் அவர் விரல்கள் சும்மா இருக்கவில்லை. மடியில் தாமாக விரிந்தன, எதையோ தாங்குவதுபோல் வளைந்தன.

"இந்நேரம் தலை தெரியணும்," என்றார் ஒருமுறை.

அம்மா கொசுவலையின் அடுத்த கிழிசலைத் தேடினார்.

ஒன்றேகாலுக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. சுகாதார நிலையத்தில் தொடங்கி, மடத்தைக் கடந்து, டவுன் ரோட்டில் போய்த் தேய்ந்தது. கோமதிநாயகி வாசலுக்கு ஓடினார். ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது.

"டவுனுக்கு அனுப்பிட்டா. பயந்துட்டா. நான் லேசில அனுப்பமாட்டேன் அம்மா. கடைசி வரைக்கும் பார்ப்பேன். கோமதி கையில வந்தவ வெளியூர் போக வேண்டியதில்லன்னு ஊரே சொல்லும்."

"உட்காருங்க."

"போற வழியில பிள்ளை போயிட்டா? உட்காருங்கன்னு சொல்றீங்க. உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு பிரசவம் பார்த்திருக்கீங்களா நீங்க?"

"இல்ல அக்கா. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி ஆயிற்று, மூன்று ஆயிற்று. யாரோ மோர் கொண்டு வந்து வைத்தார்கள். அதில் எறும்பு விழுந்தது.

நாலு மணிக்கு மடத்து போன் அடித்தது. அம்மா அதை எடுத்துத் தன் காதில் வைக்காமல் கோமதிநாயகியிடம் நீட்டினார்.

சுடலைமணிதான். டவுன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளையின் கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று சுற்றியிருந்ததாம். பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது என்று ஷாஜிதா கண்டதும் அனுப்பிவிட்டாளாம்.

"இன்னும் அரைமணி அங்கனயே வச்சிருந்தா பிள்ளை இல்லன்னு டாக்டரம்மா சொன்னாங்க சிஸ்டர்."

"அவ கை நடுங்குச்சா?"

"கையை யாரு பாத்தா. 'வண்டியில ஏத்து'ன்னா. ஏத்துனோம்."

கோமதிநாயகி போனை வைத்தார். தூணிலேயே முதுகு உரச, மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார்.

"நான் இருந்திருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்," என்றார்.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"காலையிலேர்ந்து ஒரு வேலையும் செய்யல அம்மா. சும்மாதான் இருந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு. எலும்பு எலும்பா வலிக்குது. இது என்ன வலி?"

"மூணு மாசம் முன்னாடி உங்களுக்கு மாலை போட்டு, ஓய்வு பெற்றார்னு மைக்கில சொன்னாங்க. பாவம், அவசரப்பட்டுட்டாங்க. இன்னிக்குத்தான் பெத்திருக்கீங்க. பெத்த உடம்பு வலிக்கத்தான் செய்யும் அக்கா."

கோமதிநாயகி அதற்குப் பிறகு பதினான்கு வருடம் இருந்தார். சுகாதார நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் போவார், பிரஷர் மாத்திரை வாங்க, டோக்கன் எடுத்துக்கொண்டு, வரிசையில்.