சிலிண்டரை மூடிட்டு ஒரு தடவை

"ஏன் மேம் கையெழுத்துப் போட மாட்டேங்குறீங்க?"

மூணு வாரமா நான் கேட்ட ஒரே கேள்வி இதுதான். நாலாவது வாரம், திங்கக்கிழமை காலைல, கதவைத் தட்டாமலே உள்ள போய்க் கேட்டேன்.

ஜெசிந்தா மேம் என் கைடு. நாகர்கோவில்காரங்க. யார் கத்தினாலும் அவங்க 'மக்ளே'ன்னுதான் கூப்பிடுவாங்க. அதுவே எனக்கு எரியும். மேஜைல என் பேப்பர் கிடந்துச்சு, எழுதினவங்க வரிசைல முதல்ல ப. குணவதின்னு என் பேரு போட்டு. நான் செஞ்ச செம்புத் தூள், கரன்ட் குடுத்தா கரியமில வாயுவை எத்தனாலா மாத்துது. இவ்வளவு யாருக்கும் வந்ததில்ல. மேம் கையெழுத்தோட மாசக் கடைசிக்குள்ள இது ஜர்னலுக்குப் போகலன்னா தீசிஸ் குடுக்க முடியாது. அஞ்சு வருஷம் போச்சு.

"வடக்க ஒரு லேப்ல இதையேதான் பண்ணிட்டிருக்காங்க. அவங்க முந்திட்டா நான் காப்பியடிச்சேன்னு ஆயிடும். உங்களுக்கென்ன, நீங்க புரொபசர்."

மேம் எந்திரிச்சு லேபுக்கு நடந்தாங்க. பின்னாலேயே போனேன்.

என் சோதனைச் செல் கரன்ட்ல ஓடிட்டிருந்துச்சு. கண்ணாடிக் குடுவைல உப்புக் கரைசல், அதுல தூள் பூசின தகடு, அடியில வாயு குமிழ் குமிழா. மேம் நேரா போய் சிலிண்டர் வால்வை மூடினாங்க. குமிழ் நின்னுச்சு.

"என்ன பண்றீங்க?"

"ஆர்கான் வாயுவை மாட்டு மக்ளே."

"ஆர்கான்ல கார்பனே இல்ல. என்ன வரும்?"

"ஒண்ணும் வரக்கூடாது. மாட்டு."

"கரைசல் பைகார்பனேட்டு மேம். அதுல இருக்குற கார்பனே போதும். டெஸ்ட்டே தப்பு."

"அப்போ கார்பன் இல்லாத பாஸ்பேட் கரைசலுக்கு மாத்து. தகடும் புதுசாப் போடு."

ட்யூபைப் பிடுங்கின வேகத்துல பாதிக் கரைசல் என் ஷூலதான் கொட்டுச்சு.

ரெண்டு மணி நேரம் ஓடுச்சு. மேம் ஸ்டூல்ல உக்காந்து யாரோட ரெக்கார்ட் நோட்டையோ திருத்திட்டிருந்தாங்க. நான் ஜன்னலுக்கும் சிங்குக்கும் நடந்துட்டே இருந்தேன்.

கரைசல்ல ஒரு சொட்டை எடுத்து, அதுல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டுற மெஷின்ல விட்டேன். திரையில கோடு தட்டையாப் போச்சு. போயிட்டே இருந்துச்சு. 'சொன்னேன்ல'ன்னு வாயைத் திறந்தேன்.

எத்தனால் வர வேண்டிய நிமிஷத்துல கோடு மேல ஏறுச்சு. என் பேப்பர்ல இருக்குற அதே உயரம்.

"ஏதோ அழுக்கு"ன்னேன்.

"இருக்கும்."

எல்லாத்தையும் கழுவி, இன்னொரு தகடு போட்டு, மறுபடி ஓட்டினேன். மறுபடி ஏறுச்சு.

"தூளைக் கடைசியா எதுல கழுவுற?"

"எத்தனால்ல. ஆனா ஒரு நாள் முழுக்க ஓவன்ல காயவெக்குறேன்."

"தூள் எப்பிடி இருக்கும்?"

பேப்பர்ல நானே பெருமையா எழுதியிருந்தேன், பஞ்சு மாதிரி உள்ள முழுக்க பொத்தல்னு.

கழுவுன எத்தனால் அந்தப் பொத்தலுக்குள்ளயே தங்கி, அதுதான் மெஷின்ல ஏறியிருக்கு. அப்புறம் எனக்கு வந்த கோவம் இருக்கே.

"அப்பிடிக் கழுவச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"உங்க ரூம்ல ப்ரேம் போட்டு மாட்டியிருக்கீங்களே ஒரு பேப்பர். அந்தத் தூளை எதுல கழுவுனீங்க?"

மேம் ரெக்கார்ட் நோட்டை மூடினாங்க.

"இதேதான்."

"ஆர்கான்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"பதினெட்டு வருஷமா ஒரு தடவைகூடவா? அதுக்குத்தான அவார்டு குடுத்தாங்க? உங்களைப் பாத்துத்தான எத்தனை பேர் இப்பிடிக் கழுவிட்டிருக்கோம்? சந்தேகம் வந்தா அன்னைக்கே சொல்றதுக்கென்ன? மூணு வாரமா என்னை நாய் மாதிரி அலைய விட்டீங்க."

"பயம் மக்ளே. உன் தூளை நெனச்சு இல்ல."

கோட்டுப் பைல இருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து என் கையில வெச்சாங்க. உள்ள செம்புத் தூள். லேபிள்ல அவங்க கையெழுத்து. அந்தப் பழைய பேப்பரோட பேரு. தேதி மட்டும் மூணு வாரத்துக்கு முந்தினது. அந்தப் பழைய தூளையே மறுபடி செஞ்சு, கழுவி, காயவெச்சு, மூடி போட்டதோட சரி. குப்பியைத் திறக்கவே இல்ல.

நான் பழக்கத்துல கரியமில வாயு சிலிண்டர் பக்கம் கையை நீட்டினேன்.

"அது மூடியே இருக்கட்டும்"னாங்க. "உன் கோவம் ஆறுறதுக்குள்ள இதை ஓட்டு."