தெற்கிலிருந்து வந்த அலை

மங்கையர்க்கரசி எரிமலையின் அடிவாரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். அவரிடம் சீடராக வந்த சவரிமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தெற்குத் துறைமுகத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் ஒரே மகளைப் பறிகொடுத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார்.

குரு அவருக்கு வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். எங்கோ நிலம் நடுங்கினால் அதன் அலைகள் இந்த மலைக்கு அடியிலும் புகுந்து வரும். கெட்டிப் பாறையில் விரைந்து வரும். உருகிய குழம்பில் தயங்கித் தயங்கி வரும். மலையைச் சுற்றிப் புதைத்த கருவிகள் அலை வந்து சேர்ந்த நேரத்தைப் பதிந்துகொள்ளும். எல்லாத் திசையிலிருந்தும் வந்த அலைகளைச் சேர்த்துப் பார்த்தால் மலையின் வயிறு படமாகத் தெரியும்.

அந்த ஆண்டு மலை புகையத் தொடங்கியது. கிழக்குச் சரிவில் இருந்த குடும்பங்களை மேற்குச் சரிவில் குடிவைக்கலாமா என்று அரசாங்கம் கேட்டது. சவரிமுத்து படத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

குரு வெகுநேரம் பார்த்தார்.

"மேற்கே வெறுமையாக இருக்கிறதே?"

"அங்கே ஒன்றுமில்லை, அம்மா."

"ஒன்றுமில்லையா, நமக்குத் தெரியவில்லையா?"

சவரிமுத்து தலைகுனிந்தார்.

"தெரியவில்லை. ஒரு பதிவைச் சேர்க்காமல் விட்டேன்."

"எதை?"

"தெற்கிலிருந்து வந்ததை. மேற்குச் சரிவுக்கு அடியில் புகுந்து வந்த பெரிய அலை அது ஒன்றுதான். அது வரைந்த கோட்டைப் பார்த்தாலே என் மகள் இருந்த கட்டடம் கண்ணெதிரே சரிகிறது. என்னால் முடியவில்லை."

குரு சவரிமுத்துவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நீங்கள் வெளியே இருங்கள், ஐயா. நான் சேர்க்கிறேன்."

சவரிமுத்து வாசல்வரை போனார். சாலையில் ஒரு குடும்பம் பாயும் பாத்திரமும் கைக்குழந்தையுமாக இறங்கி வந்துகொண்டிருந்தது. எங்கே போவது என்று தெரியாமல் வளைவில் நின்றது. அவரும் நின்றார். பிறகு உள்ளே திரும்பி வந்தார்.

"எழுந்திருங்கள், அம்மா. நானே செய்கிறேன்."

மேற்குக் கருவிக்கு அந்த அலை தாமதித்துத்தான் வந்திருந்தது. பதிவைச் சேர்த்ததும் படம் மாறியது. மேற்குச் சரிவுக்குச் சற்றுக் கீழேயே குழம்பு தேங்கிக் கிடந்தது.

குடும்பங்களை வடக்கே அனுப்பினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் மேற்குச் சரிவு பிளந்துகொண்டது. அங்கே ஒருவரும் இல்லை.

சாம்பல் படிந்த முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த சவரிமுத்து துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

"அந்த நடுக்கம் வராமல் இருந்திருந்தால் இத்தனை பேரும் மேற்கே இருந்திருப்பார்கள். இதற்காகத்தான் என் மகள் போனாளா, அம்மா?"

குரு அவர் அருகில் வந்து நின்றார்.

"ஆமாம் என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் இல்லை, ஐயா. அந்த அலைக்கு உங்கள் மகளையும் தெரியாது, இந்த ஜனங்களையும் தெரியாது. வாசல்வரை போய்த் திரும்பி வந்தது நீங்கள்."