புள்ளிமூக்கு வாத்தும் கடைமடைத் தண்ணீரும்

பொய் எனக்குப் பிடிக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் நீர்க்கட்டி. இருபது வருஷமாக எங்கள் கண்மாய் மடையைத் திறந்து அடைக்கிறவன். அன்றைக்குக் கடைமடை வயல்களுக்கு முறை. விடியும்போதே திறந்திருக்க வேண்டும். மணி பத்து, திறக்கவில்லை. பால் பிடிக்கிற நெல் காய்கிறதென்று கடைமடை வயல்காரி சிவப்பி கரையேறி வந்துவிட்டாள். கூடவே பாசனச் சங்கத் தலைவன் வயிரவன்.

"ஏன் திறக்கல மாமா? சரியான காரணம் இல்லேன்னா வேற ஆளைப் போட்டுருவோம்" என்றான்.

"மடையில புள்ளிமூக்கு வாத்து நின்னுச்சு. கறுத்த அலகு, நுனியில மஞ்சள், அடியில ரெண்டு சிவப்புப் பொட்டு."

"அது தினமும் நிக்கிறதுதானே?"

"குறுக்க பேசாதே. இது பன்னெண்டு குஞ்சோட நின்னுச்சு. என்னைப் பார்த்ததும் றெக்கை ஒடிஞ்ச மாதிரி நொண்டுச்சு. குஞ்சை விட்டு ஆளை இழுத்துட்டுப் போக அது போடுற வேஷம். தெரிஞ்சும், பாவம்னு பின்னால போனேன்."

"பாவம்னா, குழம்புக்கா?" என்றாள் சிவப்பி.

முறைத்தேன். "நொண்டியே நாலு கண்மாய் தாண்டுச்சு. வைகையைத் தாண்டுச்சு. பாம்பன் பாலத்துல ஏறுச்சு."

"பத்து மணிக்குள்ளயா?"

"நொண்டுனாலும் வேகமா நொண்டுச்சுடா! நடுப்பாலத்துல திகைச்சு நின்னுருச்சு. மாத்தி மாத்தி நொண்டுனதுல, எந்த றெக்கை ஒடிஞ்சதுன்னு அதுக்கே மறந்து போச்சு. என்னைக் கேட்டுச்சு. இடதுன்னேன்."

"அப்புறம்?"

"அந்த நன்றிக்கு என்னை முதுகுல ஏத்திக்கிட்டுப் பறந்து வந்து இங்க இறக்கிவிட்டுச்சு. பார்த்தா, குஞ்சு பன்னெண்டும் தலைகீழாக் கவுந்து, வாலை மேல நீட்டிக்கிட்டு, மடைப் பலகையை அலகால கவ்விக்கிட்டு இருக்கு. இழுத்தேன். அசையல. ஒவ்வொண்ணும் யானைப் பலம்."

சிவப்பி சேலையை வரிந்து கட்டி மடையில் இறங்கினாள். ஒரே இழுப்பு. பலகை மேலே வந்தது. தண்ணீர் கடைமடைக்கு ஓடியது.

வயிரவன் எட்டிப் பார்த்தான். "குஞ்சு ஒண்ணையும் காணோமே?"

"தூங்கப் போயிருக்கும். வாத்துத் தூக்கம்னா லேசுன்னு நினைச்சியா? ஒரு கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டே தூங்கும்."

சிவப்பி நிமிர்ந்தாள். என் கன்னத்தில் பதிந்திருந்த பாய்த் தடத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"தலைவரே, நாளையிலருந்து அந்த வாத்தையே நீர்க்கட்டியா போடுங்க."